ஒரு வாரத்துக் கதையும் பல தலைமுறைக் கதையும்

பூமணியின் ‘வெக்கை’யை ஒரே இரவில் படித்து முடித்ததாகவும், அந்தச் சூட்டோடு சூடாக அவருடைய ‘அஞ்ஞாடி’யை வாங்கி ஏறக்குறைய இருநூறாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘இது என் சோம்பலா, நாவலின் குறையா? அண்மையில் நீங்கள் வாசித்த நாவல்களில் எவை மனத்தில் நின்றன?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பரிந்துரைப் பட்டியல் ஒன்று போதுமென்றால் ஐந்து வரியில் முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஆசிரியர், ஒரே கரிசல் மண், ஏறக்குறைய ஒரே பேச்சு மொழி; அப்படியிருந்தும் ஒன்று உங்களை இழுத்துக்கொண்டு போயிற்று, மற்றொன்று வெளியே நிறுத்திவிட்டது. அது ஏன் என்பதுதான் கேள்வி. அதற்குப் பக்க எண்ணிக்கை காரணமில்லை என்பது என் கருத்து. ஒரு நாவல் எந்த நாளில் தங்குகிறது, எந்த ஆண்டுகளைத் தாண்டிப் போகிறது என்ற கணக்கில்தான் விடை இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும், பதிலின் எல்லை அதில் அடங்கியிருக்கிறது. காவிரிப் படுகையில் ஒரு கிளை நூலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திறனாய்வுக் கோட்பாடு எதிலும் எனக்குப் பயிற்சி கிடையாது. ஒரு புத்தகத்தை வாசகர்கள் எந்த இடத்தில் விட்டார்கள் என்று கண்டுபிடிப்பதில் மட்டும் பழக்கம் உண்டு. நூலகப் புத்தகத்தை மூடி, தாள்களின் வெட்டு ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் அது தெரிந்துவிடும். விரல் பட்ட இடம் வரை பழுப்பேறியிருக்கும், அதற்கு அப்பால் அச்சகத்திலிருந்து வந்த வெள்ளை அப்படியே இருக்கும். பழுப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் புத்தகத்தைத் திறந்தால், பத்துக்கு ஏழு முறை அங்கே ஒன்று நடந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை நம்மோடு வந்த ஒருவர் இறந்திருப்பார், அல்லது ஊரை விட்டுப் போயிருப்பார், அல்லது ‘இருபது ஆண்டுகள் கழிந்தன’ என்பது போன்ற ஒரு வரி இருக்கும். இதை நான் ஏட்டில் எழுதிக் கணக்கெடுத்ததில்லை; ‘பத்துக்கு ஏழு’ என்பது நினைவிலிருந்து சொல்வது, அந்த அளவுக்கு மட்டுமே நம்புங்கள்.

ஓய்வுக்குப் பிறகு, கடந்த இரண்டு ஆண்டுகளாக, இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டே நாவல்களை எடுத்து வாசித்து வருகிறேன். சில புதியவை, சில முன்பே வாசித்தவை. முதலில் எடுத்தது ‘வெக்கை’. 1982 இல் வந்த அந்தச் சிறிய நாவல் ஏறக்குறைய ஒரு வாரக் கணக்கில் நடந்து முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை இருட்டில் வெட்டிவிட்டு ஓடுகிறான். கையை மட்டும் வாங்கிவிட வேண்டும் என்று போனவன் உயிரையே வாங்கிவிடுகிறான். அதன்பின் அவனும் அவனுடைய அய்யாவும் நீதிமன்றத்தில் சரணடையும் வரை காட்டிலும் கரட்டிலும் மறைந்து திரிவதுதான் கதை. கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதால், அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் ஓட்டியிருக்க முடியாது. பிறகு எது இழுக்கிறது என்று இரண்டாம் வாசிப்பில் கவனித்துப் பார்த்தேன்.

இழுப்பது அவர்களுடைய சாப்பாடும் தூக்கமும்தான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தச் செடியைத் தின்னலாம், எங்கே தீ மூட்டினால் புகை தெரியாது, இன்றைக்கு எந்த நிழலில் படுப்பது என்று பக்கத்துக்குப் பக்கம் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பையனுக்குப் பயம் வருகிற நேரத்தில் அய்யா ஆறுதல் வார்த்தை சொல்வதில்லை, ஒரு வேலையைக் கொடுக்கிறார். கொலை செய்த பிள்ளையை ஒரு தகப்பன் எப்படி நடத்துவான் என்று நாம் எதிர்பார்க்கும் கோபமோ அழுகையோ அங்கே இல்லை. தோட்டத்துக்கு அழைத்துப் போன பிள்ளையிடம் பேசுவது போலவே பேசுகிறார். அந்தச் சாதாரணத்தில்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணன் செத்த கதையும் நிலத்துக்காக நடந்த இழுபறியும் இந்த வேலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக, பேச்சுவாக்கில் வருகின்றன. சாதியை உரத்த குரலில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமலே, யார் கையில் நிலமும் அதிகாரமும் இருக்கின்றன என்பதை வாசிப்பவன் தானே கூட்டிப் பார்த்துக்கொள்ள விட்டுவிடுகிறார் பூமணி.

இதைத் தழுவி 2019 இல் வந்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்கள் ஏமாறுவதுண்டு. படத்தில் தகப்பன்தான் நடுநாயகம், அவருடைய இளமைக்கதை பாதிப் படத்தைத் தாங்குகிறது. நாவல் அந்தப் பையனின் தோளோடு தோளாக நடக்கிறது, அவன் கண்ணுக்குத் தெரிவதை விட்டு அதிகம் விலகுவதில்லை. படம் முந்தியா நாவல் முந்தியா என்ற வரிசை உங்கள் வாசிப்பை எவ்வளவு மாற்றியது என்பது உங்களுக்குத்தான் தெரியும். நான் நாவலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாசித்தவன். ஆனாலும் இம்முறை அய்யா பேசும்போதெல்லாம் திரையில் கண்ட முகம் குறுக்கே வந்து நின்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது ‘அஞ்ஞாடி’. 2012 இல் வெளிவந்து 2014 க்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற, ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல். ஆண்டி, மாரி என்ற இரண்டு சிறுவர்கள் ஊரையும் காட்டையும் சுற்றித் திரிவதில் அது தொடங்குகிறது. ஒருவன் பள்ளர் வீட்டுப் பிள்ளை, மற்றவன் வண்ணார் வீட்டுப் பிள்ளை. அந்தத் தொடக்கப் பகுதியைப் போல விளையாட்டும் குறும்பும் நிறைந்த எழுத்து தமிழில் குறைவு. அதில் நீங்கள் சொக்கிப் போயிருப்பீர்கள், நானும் சொக்கினேன். பிறகு நாவல் விரிகிறது. தலைமுறைகள் மாறுகின்றன, வேறு குடும்பங்கள் வருகின்றன, 1895 இல் கழுகுமலையிலும் 1899 இல் சிவகாசியிலும் நடந்த சாதிக் கலவரங்கள் வருகின்றன, நடையே ஓரிடத்தில் கதை சொல்லும் வாயிலிருந்து ஆவணம் படிக்கும் வாயாக மாறுகிறது. நாம் பிடித்துக்கொண்டு நடந்த இரண்டு கைகள் நழுவிவிடுகின்றன. புதிய கைகளைப் பிடிக்க மனம் வருவதில்லை. இருநூறாம் பக்கத்தில் நீங்கள் நின்றதற்குச் சோம்பல் காரணமாக இருந்திருக்காது, துக்கமாக இருந்திருக்கலாம். எழவு வீட்டிலிருந்து திரும்பிய கையோடு கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் யாருக்கும் கால் வராது.

நானும் இரண்டு முறை நின்றவன்தான். மூன்றாம் முறை ஒரு சின்ன உபாயம் செய்தேன். பழைய தேதிச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில், புதிதாக ஒரு பெயர் வரும்போதெல்லாம் அவர் யாருக்கு யார் என்பதை மட்டும் எழுதினேன்: இன்னாருக்குப் பேரன், இன்னாருக்குக் கொழுந்தியாள். கதையை எழுதவில்லை, உறவை மட்டும். நான்கு சீட்டு நிறைந்தபோது புத்தகம் முடிந்திருந்தது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. இந்த நாவலைத் தனி மனிதர்களின் கதையாக வாசிக்கக் கூடாது, கிராமத்தில் எந்தப் பெயரைச் சொன்னாலும் மூன்று தலைமுறைக்கு முந்திய ஒருவரிலிருந்து ஆரம்பிக்கிற பெரியவர்கள் இருப்பார்களே, அவர்கள் பேச்சைக் கேட்பது போலக் கேட்க வேண்டும். அவர்களிடம் நாம் எல்லாப் பெயரையும் நினைவில் வைப்பதில்லை. ‘ம்’ கொட்டிக்கொண்டே இருப்போம், எப்போதோ ஒரு பெயர் திரும்ப வரும்போது நிமிர்ந்து உட்காருவோம். இவ்வளவு சொன்ன பிறகும், கலவரங்களைச் சொல்லும் பகுதிகளில் சேகரித்த தகவல்கள் கதையின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன என்ற என் குறை மாறவில்லை. அங்கே ஆசிரியருக்கு எதையும் விட மனமில்லை. ‘வெக்கை’யை எழுதிய கையில் இருந்த கஞ்சத்தனம் முப்பது ஆண்டுகளில் கரைந்துவிட்டதோ, அல்லது எதையும் தொலைந்துபோக விடக்கூடாது என்ற பொறுப்பு வந்துவிட்டதோ, எதுவென்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கரிசல் பேச்சில் எந்தச் சொல் எந்த ஊருக்குரியது என்று பிரித்தறியும் காதும் டெல்டாக்காரனான எனக்குக் கிடையாது. அந்தப் பக்கத்து வாசகர் ஒருவருக்கு நான் தடுக்கி விழுந்த இடங்கள் சமதளமாக இருக்கலாம்.

அடுத்து இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2018 இல் வந்தது, 2020 க்கான அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியைத் திருமணம் செய்துகொள்கிறாள். சில ஆண்டுகளுக்குப் பிறகு தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மரில் சேர்க்கப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவுக்கு வெளியே உறவினர்கள் காத்திருக்கும் நேரம்தான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவு முழுக்கக் காத்திருந்த யாருக்கும் அந்த நேரம் எப்படிப்பட்டது என்று தெரியும். செய்வதற்கு எதுவும் இருக்காது, எழுந்து போகவும் முடியாது, அதனால் பேச்சு மட்டும் நடக்கும். சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், பழைய குற்றச்சாட்டுகளை எடுத்துப் போடுவார்கள், நடுவே யாராவது டீ வாங்கி வருவார்கள். இமையம் அந்தப் பேச்சை அப்படியே ஓடவிடுகிறார். தலைமையாசிரியராக இருந்த தகப்பன் நடேசனிடம் பணம் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்கிறேன் என்கிறார். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் கேட்பதைத் தருவதற்கு அங்கே ஆள் இல்லை. தலைப்பு அதிலிருந்து வருகிறது.

இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது, ரேவதி தானே தீ வைத்துக்கொண்டாளா, வைக்கப்பட்டாளா என்பதை ஆசிரியர் நமக்கு எளிதில் கொடுத்துவிடாமல் வைத்திருப்பது. பெண்ணின் வீட்டார் ஒன்றைச் சொல்கிறார்கள், ரவி வேறொன்றைச் சொல்கிறான். நாம் முதல் நூறு பக்கத்தில் வெறுத்த ஒருவனின் பேச்சைப் பிறகு உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. பிடிக்காததும் உண்டு. புலம்பல் நீள்கிறது. அழுகையின் திரும்பத் திரும்ப வரும் தன்மையைக் காட்டுவதற்காகத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார் என்று சிலர் இதை நியாயப்படுத்துவார்கள். ஐம்பது பக்கம் குறைந்திருந்தால் அதே கனம் கூடியிருக்கும் என்பது என் தனிப்பட்ட எண்ணம். இதில் நான் தவறாகவும் இருக்கலாம், ஏனென்றால் நான் அந்த நீளமான இடங்களை இரவு பதினோரு மணிக்கு மேல்தான் வாசித்தேன். தூக்கம் வருகிற நேரத்தில் எடுத்த முடிவுகளை வாசகர்கள் பெரும்பாலும் நாவலின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சின்ன நாவல்களில் ‘தண்ணீர்’ எனக்கு இன்னும் தீராத வியப்பு. அசோகமித்திரன் எழுதி 1973 இல் நூலாக வந்தது. சென்னையில் ஒரு தெரு, தண்ணீர் இல்லாத ஒரு காலம், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். சினிமாவில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி ஜமுனாவைப் பயன்படுத்திக்கொள்ளும் பாஸ்கர் ராவ். இவ்வளவுதான் ‘கதை’. இதைப் பரிந்துரைத்தபோது எங்கள் நூலகத்துக்கு வாரம் தவறாமல் வரும் ஓர் அம்மாள் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, “குடத்தத் தூக்கிட்டு அலையறத நான் தெனமும் பாக்கறேன் சார், இதுக்கு எதுக்குப் புஸ்தகம்?” என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அப்போது எனக்குப் பதில் வாயில் வரவில்லை. அண்மையில் மறுபடி வாசித்தபோது அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவும், அந்த நியாயமே நாவலுக்குச் சிறப்பாக இருப்பதாகவும் தோன்றியது.

எப்படி என்றால், அந்தத் தெருவில் நேரத்தைக் காட்டுவது கடிகாரம் அல்ல, தண்ணீர்தான். எந்த வீட்டுப் பம்பில் எப்போது வருகிறது, எத்தனை குடம் நிறையும், யாரிடம் முகம் சுளிக்காமல் கேட்கலாம் என்பதைச் சுற்றியே பகலும் இரவும் அமைகின்றன. மனக்கசப்பில் படுத்துக் கிடக்கிறவளும் தண்ணீர் வந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். நோயாளிக் கணவனோடும் மாமியாரோடும் மாரடிக்கும் டீச்சரம்மா ஜமுனாவிடம் பேசும் ஒரு பகுதி வருகிறது. ஆறுதல் சொல்கிற பேச்சாக அது இல்லை, தன் வாழ்க்கையைக் கணக்கு ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு அவள் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள். அந்த இடத்தை நான் நான்கைந்து முறை திரும்ப வாசித்தேன். அசோகமித்திரன் குரலை உயர்த்தவே இல்லை. அதற்குப் பிறகு ஜமுனா நடப்பதில் மட்டும் ஒரு வித்தியாசம் தெரிகிறது. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் வரத் தொடங்கியது 1996 இல், வீராணம் நீர் வந்தது 2004 இல். அவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு நகரத்தின் கதை இது. ஆனாலும் 2019 கோடையில் அந்நகரத்தில் லாரியைச் சுற்றிக் குடங்களோடு நின்றவர்களுக்கு ஒரு வரிகூடப் பழையதாகத் தெரிந்திருக்காது. தண்ணீரை வாழ்க்கையின் குறியீடு என்று விளக்கும் கட்டுரைகள் பல உண்டு. எனக்கு அதில் ஐயம். அது குடிக்கிற தண்ணீராகவே இருக்கிறபோதுதான் நாவல் வலிக்கிறது.

ஒரு நாளுக்குள் அடங்கும் நாவல் வேண்டுமென்றால் ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ இருக்கிறது, 1974 இல் வந்தது. கந்தன் என்பவன் காலையில் கண் விழிப்பதிலிருந்து அந்த நாள் முடியும் வரை. இளைஞனாக இருந்தபோது, பாலியல் தொழிலைச் சுற்றிய அதன் பேசுபொருளுக்காக, ஏதோ தடை செய்யப்பட்டதைத் தொடுவது போல வாசித்தேன். இப்போது வாசித்தபோது அதிர்ச்சி எதுவும் மிச்சமில்லை. தனக்குப் பிறகு மனைவி மீனா என்ன ஆவாள் என்று கந்தன் போடும் கணக்குதான் நின்றது. அன்பு என்ற சொல்லை எடுக்காமல் அந்த அன்பை எழுதியிருக்கிறார். எனினும் மீனாவின் மனத்துக்குள் நாம் ஒரு முறையாவது போயிருக்கலாம் என்ற குறை இருக்கிறது. அவளை எப்போதும் கந்தனின் கண் வழியாகவே பார்க்கிறோம்.

பக்கம் குறைவாக இருந்தால் காலமும் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964 இல் வந்த மெலிந்த நாவல், ஆனால் லிஸியின் சிறுவயது முதல் பல ஆண்டுகளை அது கடக்கிறது. பருவமடைந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். பனையேறியின் மகன் தங்கராஜோடு அவளுக்கு உண்டாகும் பிரியம், சந்தித்துப் பேசுவதால் வளர்வதைவிடச் சந்திக்க முடியாமல் போன நாட்களால்தான் வளர்கிறது. ஆண்டுகளை ஓரிரு வரியில் தாண்டிவிட்டு, அவன் வாசலுக்கு வந்து போகும் சில நிமிடங்களில் ஆசிரியர் நின்றுவிடுகிறார். அடைபட்ட ஒரு பெண்ணுக்குக் காலம் அப்படித்தானே கழியும்? இந்த நாவலில் எனக்குக் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. குமரி மாவட்டப் பேச்சுக்குக் காது பழக முப்பது பக்கம் ஆகும், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக நிற்பது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972 இல் நூலாக வந்தபோது அதிகம் பேர் கவனிக்கவில்லை. இன்று தமிழின் முதன்மையான நாவல்களில் ஒன்றாகப் பலரும் சொல்கிறார்கள். இதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். கடற்பயணக் கதைகளை மட்டுமே எடுத்துப் போகும் ஒரு கல்லூரி மாணவனுக்கு, தலைப்பை நம்பி இதைக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளில் கொண்டுவந்து, “சார், இதுல எல்லாரும் குடிச்சிட்டுத் தமிழ் இலக்கியம் பேசுறாங்க” என்றான். பிழை என்னுடையதுதான். சுமத்ராவின் மெடானில் ஜப்பானியர் நுழைவதில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், கள்ள வாணிகம் என்று நாயகன் பாண்டியன் போகாத இடமில்லை. ஆனால் அவனுடைய மனம் இருப்பது மதுரைத் தெருக்களில், சின்னமங்கலத்துச் சந்தையில். தொங்கான் என்னும் பாய்மரக் கப்பலில் போகும்போது புயலில் மாட்டிக்கொள்ளும் பகுதியில் வாக்கியங்களே குட்டையாகி அலை அலையாக அடிக்கின்றன. அடுத்த அத்தியாயத்தில் ஊர் நினைவு வந்துவிட்டால் அதே வாக்கியம் சங்கிலியாக நீண்டுவிடுகிறது. இந்தோனேசியாவில் இருந்துவிட்டு 1946 இல் திரும்பி, மதுரையில் நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக வாழ்ந்த ஒருவர், நினைவை மட்டுமே வைத்து எழுதிய நாவல் அது. அந்த நினைவின் ஏக்கம் இல்லாமல் இந்த நடை வந்திருக்காது என்று நினைக்கிறேன். இது என் ஊகம், அவர் சொன்னதல்ல. நடுவில் வரும் அந்த நீண்ட விவாதங்களை முதல் வாசிப்பில் நான் தாவித்தான் போனேன். இம்முறை அவற்றுக்காகவே வாசித்தேன். முப்பது ஆண்டு இடைவெளி இல்லாமல் அது நடந்திருக்காது, அதனால் அந்த மாணவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு அடுத்து எதைக் கையில் கொடுப்பேன் என்று கேட்டால், தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. 2023 க்கான அகாதெமி விருது பெற்ற நாவல். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து எடுத்த தலைப்பு. பெருகிவரும் ஆற்றின் போக்கில் போகும் தெப்பம் போல உயிர் ஊழ் முறையின் வழியே போகிறது என்பது பாட்டின் கருத்து. கொங்குப் பகுதியில் குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் காரு மாமா இறந்துவிடுகிறார். சாவுக்குச் சிதறிக் கிடந்த உறவெல்லாம் கூடுகிறது. வெளியே நடப்பது ஒரு சாவு வீட்டின் சில நாட்கள்தான். அந்த நாட்களுக்குள் ஐம்பது அறுபது ஆண்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. யார் யாரோடு பேச்சை நிறுத்தியவர், எந்தக் கடன் இன்னும் தீரவில்லை, யார் அழுவதை யார் ஓரக்கண்ணால் பார்க்கிறார் என்று இழவு வீட்டுக்கு உரிய எல்லாக் கணக்கும் இருக்கிறது. உங்கள் சிக்கலுக்கு இது பொருந்தும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கேயும் பெயர்கள் அதிகம், காலம் முன்னும் பின்னுமாக அலைகிறது. ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் கதை அந்தப் பிணம் கிடக்கும் வாசலுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. காலை ஊன்ற ஓரிடம் இருக்கிறது. ‘வெக்கை’யிலிருந்து ‘அஞ்ஞாடி’க்கு நேராகத் தாண்டுவதைவிட இடையில் இந்தப் படியில் ஏறிப் போவது எளிது. இதன் மொழி சில இடங்களில் தேவைக்கு மேல் நனைந்திருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்தான், அதைக் காரணமாக வைத்து வாசிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இதுவரை சொன்னதில் எதை நம்பலாம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எந்த நாவல் எத்தனை நாளில், எத்தனை தலைமுறையில் நடக்கிறது, எந்த இடத்தில் நின்று எந்த இடத்தைத் தாண்டுகிறது என்பவை பக்கத்தில் இருப்பவை, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். உடன் வந்தவர்களை இழக்கிற இடத்தில்தான் வாசகர்கள் பெரிய நாவல்களை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நூலக அனுபவத்தில் உறுதிப்பட்ட நம்பிக்கை. ஆனால் ஒரே ஊரின் ஒரே நூலகம். எழுத்துச் சிறிதாக இருந்தது, கட்டுப் பிரிந்திருந்தது, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது என்று ஆயிரம் காரணத்தால் அந்தப் பழுப்புக் கோடு விழுந்திருக்கலாம். எந்த நாவல் ஐம்பது ஆண்டு நிற்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, நல்ல வேளை.

சோம்பலா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான். ஆனால் அந்த இருநூறாம் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டாம், நாற்பது ஐம்பது பக்கம் பின்னால் போய், அந்தப் பிள்ளைகள் இருவரும் இன்னும் சேர்ந்து திரியும் ஓர் இடத்திலிருந்து, ஒரு துண்டுச் சீட்டும் பேனாவுமாகத் தொடங்குங்கள். இவ்வளவு உபதேசம் செய்கிற என் மேசையில், ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நான்கு மாதமாக முந்நூறாம் பக்கத்துக்குக் கிட்டே கவிழ்ந்து கிடக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரைப் பேச்சும் தோணித் தொழிலின் சொற்களும் எனக்குப் புதியவை. சீட்டில் இதுவரை அறுபத்து மூன்று பெயர் எழுதியிருக்கிறேன்.